தேருக்கு உண்டு முட்டுக்கட்டை, டிரெய்லருக்கு?

தேர்த் திருவிழா பார்க்காத தமிழர் யார்? வடம் பிடிக்க ஊரே திரண்டு நிற்கும். பறையும் நாதஸ்வரமும் முழங்க, தேர் அசைந்து வரும் அழகைக் காணக் கண் கோடி வேண்டும். ஆனால் சக்கரத்தின் அடியிலே குனிந்தபடி, கையில் முட்டுக்கட்டையுடன் கூடவே ஓடிவரும் நாலைந்து பேரை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? தேர் எங்கே நிற்க வேண்டும், எந்த முனையில் எப்படித் திரும்ப வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள்தாம். வடம் பிடித்த ஆயிரம் பேரும் ஒரே சமயத்தில் கையை விட்டுவிட்டாலும் தேர் உடனே நின்றுவிடாது. உருண்ட வேகத்தில் அது முன்னே வந்துகொண்டுதான் இருக்கும். அப்போது ஜனங்களைக் காப்பாற்றுவது வடமல்ல, முட்டுக்கட்டை.

தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்றான திருவாரூர் ஆழித்தேருக்கு இன்று இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. திருச்சி பெல் தொழிற்சாலை செய்து கொடுத்தது அது. ஆண்டுக்கொரு முறை, ஆள் நடக்கும் வேகத்தில் நகரும் தேருக்கே பிரேக் வேண்டும் என்று பெரியவர்கள் யோசித்தார்கள். அந்தத் தேரைப் பார்க்க ஜனங்களை ஏற்றிக்கொண்டு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவரும் டிராக்டர் டிரெய்லருக்குப் பிரேக் இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை என்பதே பதில். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எந்த வண்டியோடு எதைச் சேர்த்தாலும், அது பின்னால் பூட்டிய டிரெய்லராக இருக்கட்டும், முன்னால் மாட்டிய இரும்புக் கம்பியாக இருக்கட்டும், "இது வண்டியை நிறுத்துமா, கவிழ்க்குமா?" என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். நம்மவர்கள் கேட்பதோ "எவ்வளவு இழுக்கும்? எப்படி இருக்கும்?" என்ற கேள்விகளைத்தான். இந்தக் கேள்வி மாறாதவரை நம் சாலைகளில் அழுகுரல் ஓயாது என்பது என் அபிப்பிராயம்.

இழுப்பது எளிது

நடுத்தர டிராக்டர் ஒன்றின் எடை ஏறக்குறைய இரண்டு டன். அதன் பின்னால் பூட்டிய டிரெய்லரில் கரும்போ, மணலோ, செங்கல்லோ ஏற்றினால் ஐந்து டன் என்பது சர்வ சாதாரணம். ஆக ஏழு டன் ஓடுகிறது. பிரேக் இருப்பதோ டிராக்டரின் பின்சக்கரங்களில் மட்டும். இரண்டு டன் எடையை நிறுத்துவதற்குச் செய்த பிரேக், ஏழு டன்னை நிறுத்தப் பாடுபடுகிறது. சமதரையில் மெள்ளப் போகும்போது ஒன்றும் தெரியாது. பாலத்துச் சரிவில் இறங்கும்போதுதான் சங்கதி தெரியும். டிரைவர் பிரேக்கை மிதிப்பார். டிராக்டர் நிற்கப் பார்க்கும். பின்னாலிருக்கும் ஐந்து டன்னும் "நகரு, நகரு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளும். டிராக்டர் ஒரு பக்கம் திரும்ப, டிரெய்லர் அதன் விலாவில் வந்து இடிக்கும். பிறகு குளமோ, பள்ளமோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் முடிவு.

வேகத்தின் கணக்கும் பொல்லாதது. வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை நிறுத்தச் செலவழிக்க வேண்டிய சக்தி இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் சமாளித்த பிரேக், நாற்பதில் கையை விரித்துவிடுவது இதனால்தான்.

டிராக்டர் ஓட்டும் அன்பர்களுக்கு இன்னொரு விஷயம். டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக் பெடல், வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக் பெடல் என்று தனித்தனியாக இருப்பது எதற்கு? வயலில் குறுகிய இடத்தில் திருப்புவதற்கு. சாலைக்கு வந்ததும் இரண்டு பெடல்களையும் இணைக்கும் கொக்கியை மாட்டிவிட வேண்டும். மாட்டாமல் வேகமாகப் போகும்போது ஒரு பெடலை மட்டும் மிதித்துவிட்டால் வண்டி சடாரென்று அந்தப் பக்கம் சுழலும். ஒரு பைசா செலவில்லாத இந்தக் கொக்கியை மாட்டச் சோம்பல்பட்டு உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு.

2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. இருபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். டிராக்டரை விவசாயத்துக்கும் சரக்குக்கும் மட்டும் உபயோகியுங்கள், ஆட்களை ஏற்றாதீர்கள் என்று அந்த மாநில முதலமைச்சர் வேண்டுகோள் விடுத்தார். நல்ல வேண்டுகோள்தான். ஆனால் 2024 பிப்ரவரி 24-ஆம் தேதி அதே மாநிலத்தில் காஸ்கஞ்ச் என்ற இடத்தில், மாசிப் பௌர்ணமிக்குக் கங்கையில் நீராடப் புறப்பட்டவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுபடியும் பெண்கள், மறுபடியும் குழந்தைகள். வேண்டுகோள் மட்டும் பிரேக் பிடிக்காது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"அது வடக்கே, இங்கே என்ன?" என்று யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். நம் பக்கத்திலும் காதுகுத்துக்கும், குலதெய்வக் கோயில் பொங்கலுக்கும், நாற்று நடவுக்கும் டிரெய்லரில் நின்றுகொண்டு போகிறவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். குளங்களும் வாய்க்கால்களும் நம் சாலையோரங்களிலும் இருக்கின்றன.

முன்பாரம், பின்பாரம்

டிரெய்லரில் பாரம் ஏற்றுவது ஒரு சாஸ்திரம். அதைப் புதிதாக யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. மாட்டு வண்டி ஓட்டிய நம் தாத்தாக்களுக்கு அது அத்துப்படி. மூட்டைகளை முன்னால் அடுக்கினால் முன்பாரம்; நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அடுக்கினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும். இரண்டும் ஆகாது. அச்சுக்குச் சற்றே முன்னால் பாரம் இருந்தால் வண்டி பதமாக ஓடும், மாடும் சுகமாக நடக்கும்.

மோட்டார் காருக்குப் பின்னால் டிரெய்லர் பூட்டுவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அன்றாட வழக்கம். படகை இழுத்துக்கொண்டு போவார்கள். தங்கும் வீட்டையே இழுத்துக்கொண்டு போவார்கள். அவர்களும் இந்த முன்பாரக் கணக்கைத்தான் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் ஐந்து முதல் ஏழு பங்கு போதும் என்கிறார்கள். ஆயிரம் கிலோ டிரெய்லர் என்றால் அமெரிக்கக் கணக்கில் கொக்கியின்மேல் 100 முதல் 150 கிலோ. இதற்குக் குறைந்து பாரம் பின்னால் போய்விட்டால், வேகம் ஏற ஏற டிரெய்லர் பாம்பு போல் நெளியத் தொடங்கும். சிறு நெளிவு பெரு நெளிவாகி, கடைசியில் இழுக்கும் காரையே புரட்டிவிடும்.

அப்படி நெளியத் தொடங்கினால் என்ன செய்வது? பயந்து பிரேக்கை அழுத்தி மிதிப்பது தவறு. வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்ப்பதும் தவறு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெள்ள எடுத்து, ஸ்டியரிங்கை அசையாமல் நேராகப் பிடித்துக்கொண்டால் வேகம் குறையும்; வேகம் குறைந்தால் நெளிவும் அடங்கும். அடங்கியபின் ஓரமாக நிறுத்திப் பாரத்தை மாற்றி அடுக்க வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளில் டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்டால் அதற்குத் தனி பிரேக் இருந்தே தீர வேண்டும். கொக்கி நழுவினாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாதபடி சங்கிலியோ கம்பியோ பூட்ட வேண்டும். பின்விளக்கும், திரும்பும் விளக்கும், நம்பர் பலகையும் டிரெய்லரிலும் எரிய வேண்டும். ஓடும் வேகத்துக்கும் தனி வரம்பு உண்டு: கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு மணிக்கு 55 மைல், பிரிட்டனில் பெருவழிச்சாலையில் 60 மைல்.

இங்கே நம் ஊரில் கலவை மெஷின் போவதைப் பார்த்திருப்பீர்கள். வீடு கட்டும் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குட்டி யானை வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போவார்கள். ஒரே ஒரு இரும்புப் பின்; அதற்குத் துணையாக ஒரு துண்டுக் கயிறு. விளக்கு கிடையாது, நம்பர் கிடையாது, பிரேக் கிடையாது. இரவு நேரத்தில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது இருப்பதே தெரியாது. கரும்பு ஏற்றிய டிரெய்லர் இரவில் சாலையோரம் நின்றாலும் இதே கதைதான். சிவப்பு ஒளிப்பட்டை நான்கு அடி ஒட்டுவதற்கு ஆகும் செலவு, கரும்பு ஏற்றும் ஆட்களின் ஒரு வேளை டீச் செலவுக்கு ஈடாகாது.

கயிறு கட்டி இழுக்கும் கார்

வழியிலே படுத்துவிட்ட காரைக் கயிறு கட்டி இழுப்பதும் ஒரு வகையில் டிரெய்லர் இழுப்பதுதான். இதிலும் நம்மவர்களின் துணிச்சல் அபாரம். சாலை விதிகள் 1989-லேயே இதற்கு வரம்பு கட்டின. இரு வண்டிகளுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இழுபடும் வண்டியில் ஸ்டியரிங் பிடிக்க லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும் என்றன.

இவையெல்லாம் வீண் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். இக்காலக் காரில் என்ஜின் ஓடாவிட்டால் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். ஓரிரு முறை மிதித்தபின் பிரேக்கும் மரமாகிவிடும். அவற்றுக்குத் துணை செய்யும் சக்தி என்ஜினிலிருந்தோ மின்சாரத்திலிருந்தோ வருவது. சாவியைக் கழற்றிவிட்டால் பல கார்களில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் செய்யும். ஆட்டோமேடிக் கியர் காரை, சக்கரம் தரையில் உருளும்படி நெடுந்தூரம் இழுத்தால் கியர் பெட்டியே பாழாகலாம். கயிற்றைக் கட்டும் இடமும் முக்கியம். பம்பரில் கட்டுவது பிசகு. அதற்கென்று ஒரு கொக்கியைத் தயாரித்தவர்களே டிக்கியில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வண்டி வாங்கி ஐந்து வருஷமாகியும் அந்தக் கொக்கியைக் கண்ணால் காணாதவர்கள் ஏராளம்.

காருக்கு நகை

பெண்ணுக்கு நகை பூட்டுவது போல் காருக்கும் நகை பூட்டும் ஆசை நம்மவர்களை விட்டபாடில்லை. அம்பாசடர் கார் காலத்தில் தலைமேல் ஒரு கேரியர், முன்னால் இரண்டு மஞ்சள் விளக்கு, ஒரு இரட்டை ஹாரன் என்று அடங்கியிருந்தது. 2014-இல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆசை நிற்கவில்லை, பெருகிவிட்டது. கார் புதிதாக ஷோரூமை விட்டு இறங்கியதும் நேரே "எக்ஸ்ட்ரா பிட்டிங்" கடைக்குப் போகிறது. அங்கே முதலில் மாட்டுவது முன்பக்கத்து இரும்பு கார்டு.

"மாடு குறுக்கே வந்தால் காருக்குச் சேதம் வராது" என்பார்கள். காருக்குச் சேதம் வராது என்பது உண்மைதான். சேதம் யாருக்கு வரும் என்பதுதான் கேள்வி. காரின் முன்பாகம் மோதலில் நசுங்க வேண்டும் என்றே செய்யப்பட்டது. மெர்ஸிடஸ்-பென்ஸ் கம்பெனியில் இருந்த பேலா பாரெனி என்ற என்ஜினியர் 1950-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்துப் பேடண்ட் பெற்ற யோசனை அது. காரின் நடுப்பாகம் கெட்டியாக இருக்கட்டும். முன்னும் பின்னும் நசுங்கி, மோதலின் வேகத்தைத் தாங்களே விழுங்கிக்கொள்ளட்டும் என்றார். அந்த நசுங்கும் பாகத்தின்மேல் இரும்புக் கம்பியைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? மோதலின் வேகம் கம்பி வழியாக நேரே சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் போய்ச் சேரும்.

ஏர்பேக் விஷயமும் இப்படியே. கண் இமைக்கும் நேரத்துக்குள் அது விரிந்தாக வேண்டும். மோதல் எவ்வளவு கடுமை என்று உணர்கருவிகள் கணக்கிட்டுச் சொன்னபிறகே விரியும். நடுவில் ஒரு இரும்புக் கம்பி வந்து அந்தக் கணக்கைக் குழப்பினால், ஏர்பேக் தாமதிக்கலாம். தேவையில்லாதபோது விரியவும் செய்யலாம். எதிரே நடந்து வருபவரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. சற்று வளைந்து கொடுக்கும் பானட்டில் மோதுவதற்கும், வளையாத இரும்புக் குழாயில் மோதுவதற்கும் உள்ள வித்தியாசம், காயத்துக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசமாக முடியக்கூடும். 2017 டிசம்பரில் மத்திய அரசு, இந்த கார்டு மாட்டிய வண்டிகளின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது இதனால்தான்.

பல்பில் பதுங்கிய நெருப்பு

அடுத்த நகை, பெரிய பல்பு. கம்பெனி கொடுத்த ஹெட்லைட் பல்பு பல கார்களில் 60 வாட். கடைக்காரர் 100 வாட் பல்பைக் காட்டி, "சார், ராத்திரி பகல் மாதிரி தெரியும்" என்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் பாட்டரியில் 60 வாட் பல்புக்கு 5 ஆம்பியர் மின்சாரம் போகிறது. 100 வாட் பல்புக்கு ஏறக்குறைய 8.3 ஆம்பியர். ஒயர் அதே பழைய ஒயர். அதில் உண்டாகும் சூடோ, மின்சாரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. ஒயரின் தோல் இளகும், சுவிட்ச் கருகும், ஒரு நாள் புகை வரும்.

பாட்டரியிலிருந்து தனி ஒயர், நடுவில் ரிலே, ஆரம்பத்திலேயே பியூஸ் என்று முறையாக இணைத்தால் ஒயர் பிழைக்கும். ஆனாலும் எதிரே வருபவரின் கண் பிழைக்காது. அவர் ஒரு நொடி குருடானால் உங்கள் மேலேயே வந்து மோதலாம். அப்போது "பகல் மாதிரி" என்ன பிரயோஜனம்? பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடுகிறவர்களும் உண்டு. காவல்காரன் சும்மா குரைக்கிறான் என்று அவன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குகிற வீட்டுக்காரரின் புத்திசாலித்தனம் இது.

ஸீட் உறையைப் பற்றி யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் ஸீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கெட்டியான தோல் உறையைச் சுற்றிலும் இழுத்துத் தைத்துவிட்டால் அது எந்த வழியாக வெளியே வரும்? கறுப்புக் கண்ணாடியும் அப்படித்தான். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி உள்ளே வர வேண்டும் என்பது விதி. 2012-இல் சுப்ரீம் கோர்ட்டே கறுப்புத் தாள் ஒட்டுவதைக் கண்டித்து உத்தரவு போட்டது.

தலைமேல் கேரியருக்கும் ஒரு வார்த்தை. பல சிறு கார்களின் கூரை ஐம்பது, எழுபத்தைந்து கிலோ சுமக்கவே செய்யப்பட்டது. கல்யாணச் சீர்வரிசை முழுவதையும் அதன்மேல் ஏற்றினால் கூரை தாங்கினாலும் திருப்பம் தாங்காது. பாரம் உயர உயர வண்டி குடைசாய்வது எளிதாகும். வைக்கோல் வண்டி ஓட்டியவரைக் கேட்டால் சொல்வார்.

இவை எல்லாவற்றையும்விட விபரீதமான சாமான் ஒன்று உண்டு. ஸீட் பெல்ட் போடாவிட்டால் கார் கத்துகிறதல்லவா? அந்தச் சத்தத்தை நிறுத்த, பெல்ட்டுக்குப் பதில் சொருகி வைக்கும் ஒரு சின்ன இரும்பு நாக்கு. இதை விற்கக் கூடாது என்று 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்த மூன்று முனைப் பெல்ட் உலகெங்கும் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதை ஏமாற்றக் காசு கொடுத்து ஒரு கருவி வாங்குகிறோம். யாரை ஏமாற்றுகிறோம்? காரையா, யமனையா?

சட்டம் போதுமா?

சட்டத்தில் குறைவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டப்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. பாதுகாப்புக்கு மிக முக்கியம் என்று அரசு அறிவித்த பாகங்களைத் தரமில்லாமல் விற்பவருக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு. மாற்றமே கூடாது என்றும் சட்டம் சொல்லவில்லை. கால் ஊனமுற்றவர் ஓட்டுவதற்கு ஏற்றபடி காரை அனுமதி பெற்று மாற்றிக்கொள்ளலாம். அந்த வழி திறந்தே இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? சாலையில் நிறுத்தப்படுபவர் கார் சொந்தக்காரர். கார்டை மாட்டிக் கொடுத்தவர் மறுநாள் அடுத்த காருக்கு மாட்டிக்கொண்டிருக்கிறார். டிரெய்லர் விஷயத்தில் இன்னும் மோசம். பத்து பேர் செத்தால் பத்து நாள் பிடிக்கிறார்கள். பதினோராம் நாள் டிரெய்லரில் மறுபடியும் ஜனங்கள் ஏறுகிறார்கள்.

மறுப்பு சொல்கிறவர்களின் பேச்சையும் கேட்க வேண்டும். "பஸ் வராத ஊர் சார் எங்களுடையது. குலதெய்வத்துக்கு நாற்பது பேர் போக வேண்டும். வேன் வாடகைக்கு எங்கே போவது?" என்று கேட்கும் குடியானவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவரைப் பிடித்து அபராதம் போடுவது சுலபம். அவர் ஊருக்குத் திருவிழா நாளில் ஒரு பஸ் விடுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளாமல் அபராதச் சீட்டை மட்டும் நீட்டினால், ஜனங்கள் போலீஸ் இல்லாத குறுக்குப் பாதையில் போவார்கள். அந்தப் பாதையில்தான் குளமும் இருக்கும்.

பிட்டிங் கடைக்காரரும், "இதுதான் எங்கள் பிழைப்பு" என்கிறார். அவர் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டியதில்லை. நல்ல டயர் அளவுமானி, குழந்தைகளுக்கான ஸீட், தீயணைக்கும் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, பின்னால் வைக்கும் முக்கோண எச்சரிக்கைப் பலகை என்று விற்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. வாங்குகிறவர் கேட்டால் அவர் விற்பார்.

என்ன செய்யலாம்?

முதலாவது, புதிதாகப் பதிவாகும் ஒவ்வொரு டிரெய்லருக்கும் பிரேக்கும் பின்விளக்கும் இருக்கின்றனவா என்று காகிதத்தில் பாராமல், ஓட்டிப் பார்த்துச் சான்று தர வேண்டும். பழைய டிரெய்லர்களுக்குப் பிரேக் பொருத்த, டிராக்டருக்குக் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களே கடன் கொடுக்கலாம். டிராக்டர் வாங்க லட்சக்கணக்கில் கடன் கொடுத்தவர்கள், அதை நிறுத்தவும் கொஞ்சம் கொடுக்கலாம் அல்லவா?

இரண்டாவது, கரும்பு ஆலைகள். வாசலுக்கு வரும் ஒவ்வொரு டிரெய்லரையும் எடை போடாமல் அவர்கள் உள்ளே விடுவதில்லை. எடை பார்க்கிற அதே இடத்தில் விளக்கையும் ஒளிப்பட்டையையும் பார்த்தால் போதும். ஒரே பருவத்தில் ஜில்லா முழுவதும் திருந்திவிடும்.

மூன்றாவது, திருவிழா நாட்களில் பஸ் இல்லாத கிராமங்களுக்குத் தனி பஸ். தேரோட்டத்துக்கு நாள் குறிக்கும்போதே பஸ்ஸுக்கும் நாள் குறித்துவிடலாம்.

நான்காவது, பிட்டிங் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பொறுப்பு வர வேண்டும். எந்த வண்டியில் எதை மாட்டினோம் என்று ரசீதில் எழுதி, கடை முத்திரையிட்டுக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினால், பாதி ஆபத்தான சாமான்கள் தாமாகவே கடையை விட்டுப் போய்விடும்.

ஐந்தாவது நம் கையில் இருக்கிறது. காருக்கு எதையாவது மாட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எவ்வளவு எடை கூட்டும், எங்கே கூட்டும்? எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எந்த ஒயர் வழியாக? மோதலின்போது இது நசுங்குமா, குத்துமா? காரோடு கொடுத்த கையேட்டில் இவற்றில் பலவற்றுக்குப் பதில் இருக்கிறது. மாட்டியபின் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப்பின் தெரிவித்தால் அது தகராறில் முடியும்.

டிரெய்லரில் ஏறும் முன்பும் ஒரு கேள்வி உண்டு. "இதுக்குப் பிரேக் இருக்கா?" என்று டிரைவரைக் கேளுங்கள். வீட்டிலுள்ள பாட்டியே கேட்கட்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஏறுங்க பாட்டி" என்று அவர் சொன்னால், பாட்டி இறங்கி நிற்கட்டும். பாட்டி இறங்கினால் பேரப்பிள்ளைகளும் இறங்குவார்கள். டிராக்டர்காரருக்கு அன்று வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஊரில் நாலு பாட்டிகள் இப்படி இறங்கி நின்றால், அடுத்த திருவிழாவுக்குள் அந்த டிரெய்லருக்குப் பிரேக் வந்துவிடும்.